சந்துக்குத் தனி மதிப்பு

வியாழக்கிழமைகளில் மட்டும் காலையிலேயே சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். மற்ற நாட்களில் பனியனும் வேட்டியும் போதும். பார்க்க யாரும் வருவதில்லை. மனைவி போன பிறகு இந்த வீட்டில் நான் ஒருவன்தான். மகள் பெங்களூரிலிருந்து போன் செய்வாள். சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா என்று கேட்டு வைத்துவிடுவாள். ராஜபாளையத்தில் மில்லுக்குப் பின்னால் இருக்கும் காலனி இது. ஷிப்டு மாறும்போது தெரு நிறைய பைக்குகள் போகும். அதன்பின் அடுத்த ஷிப்டு வரை நாய் குரைப்பது கேட்கும்.

வியாழக்கிழமை மதினி வருவார். என் அண்ணனின் மனைவி. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து டவுன் பஸ்ஸில், மடியில் தூக்குவாளியை வைத்துக்கொண்டு வருவார். பெண்களுக்கு அந்த பஸ்ஸில் கட்டணம் கிடையாது. அண்ணன் என்னோடு பேசுவதை நிறுத்தி சில ஆண்டுகள் ஆகியிருந்தன. மதினி நிறுத்தவில்லை.

"அண்ணன்கிட்ட என்ன சொல்லிட்டு வாரீங்க?" என்று ஒருமுறை கேட்டேன்.

"கோயிலுக்குப் போறேன்னு."

"எந்தக் கோயில்னு கேக்க மாட்டாரா?"

"கேட்டாச் சொல்லுதேன். ராஜபாளையத்துல ஒரு சாமி சட்டையைப் போட்டுக்கிட்டு வாசலைப் பாத்து உக்காந்திருக்குன்னு."

அன்றைக்கு வெண்டைக்காய்ப் புளிக்குழம்பு. வாளியைத் திறந்து வைத்துவிட்டு, பஸ்ஸில் கொடுத்த கட்டணமில்லாச் சீட்டை முந்தானையிலிருந்து எடுத்து மேஜைமேல் போட்டார்.

"உங்க கவர்மெண்டைப் பாத்தீங்களா தம்பி. ஒரு கையால எங்க வீட்டை விக்க முடியாமப் பண்ணிட்டு, இன்னொரு கையால ஓசி டிக்கெட் குடுக்கு."

அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அவர் சொன்னதில் பிழையும் இல்லை. ஆனால் 'கவர்மெண்டு' என்று சொன்ன இடத்தில் என்னைச் சொல்லியிருக்க வேண்டும். அது அவருக்கும் தெரியும்.

நான் பொருளாதாரம் படித்தவன். பத்திரப் பதிவுத் துறையில் சேர்ந்து மாவட்ட அளவில் அதிகாரியாக ஓய்வு பெற்றேன். மாநில அரசுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் மதுக்கடை, பெட்ரோல் என்று சொல்வார்கள். வீடோ மனையோ கைமாறும்போது கட்டும் முத்திரைத் தீர்வையை யாரும் சட்டென்று சொல்ல மாட்டார்கள். வாழ்க்கையில் ஒருமுறையோ இருமுறையோ கட்டுவது, அதனால் மறந்துபோகிறது. அரசுக்கு மறக்காது. பள்ளிச் சத்துணவுக்கும் ஆஸ்பத்திரி மருந்துக்கும் இலவச பஸ்ஸுக்கும் போகும் பணத்தில் அதுவும் கலந்திருக்கிறது.

விற்கிறவரும் வாங்குகிறவரும் சேர்ந்து விலையைக் குறைத்து எழுதிவிடலாம் என்பதால், அரசு தானே ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு மதிப்பு வைத்திருக்கிறது. சதுர அடிக்கு இவ்வளவு என்று. வழிகாட்டி மதிப்பு என்பது அதன் பெயர். ஜனங்கள் கைடுலைன் என்பார்கள். நீங்கள் எவ்வளவுக்கு வாங்கினாலும் குறைந்தது அந்த மதிப்புக்குத் தீர்வை கட்ட வேண்டும். நியாயமான ஏற்பாடுதான், மதிப்பு சரியாக இருந்தால். சரியாக இருக்கிறதா என்று தெருத் தெருவாகப் போய்ப் பார்த்து எழுதுகிற வேலை சில காலம் என்னிடம் இருந்தது.

எங்கள் பூர்வீக வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில், கடைவீதியை ஒட்டிய பெரிய தெருவில் என்று நாங்கள் சொல்வோம். உண்மையில் பெரிய தெருவிலிருந்து பிரியும் ஒரு முட்டுச் சந்தில் இருந்தது. ஏழெட்டு வீடுகள். எதிரெதிரே இரண்டு சைக்கிள் வந்தால் ஒன்று சுவரில் சாய்ந்து நிற்க வேண்டும். சந்துக்குப் பெயர் கிடையாது. கதவிலக்கத்தில் ஏ, பி, சி என்று ஒட்டிக்கொண்டு எல்லா வீட்டுக்காரர்களும் பெரிய தெரு என்றே விலாசம் எழுதினார்கள். கல்யாணப் பத்திரிகையிலும் அதுதான். எங்கள் ஊரில் பெண் கொடுப்பவர்களும் எடுப்பவர்களும் முதலில் கேட்பது எந்தத் தெரு என்றுதான். பெரிய தெரு என்றால் அடுத்த கேள்விக்குப் போவார்கள்.

ஓய்வு பெறுவதற்குச் சில ஆண்டுகள் முன்பு மதிப்பு திருத்தம் வந்தது. என்னிடம் இருந்த உதவியாளர் நேர்மையான மனிதர். டேப்பைப் பிடித்துச் சந்தை அளந்து பார்த்துவிட்டு, "இதைத் தனியாக் காட்டிரலாம் சார். மெயின் தெருவுல மூணுல ஒரு பங்கு போட்டாப் போதும்" என்றார். அப்படியே எழுதிக்கொண்டும் வந்தார்.

அன்று சாயங்காலமே அண்ணன் என்னைத் தேடி வந்தார். அவர் கடைவீதியில் நோட்டுப் புத்தகக் கடை வைத்திருந்தார். மகளுக்குத் தளவாய்புரத்தில் மாப்பிள்ளை பேசிக்கொண்டிருந்த நேரம்.

"ஏலே, நம்ம தெருவைச் சந்துன்னு எழுதிட்டுப் போயிருக்காராம்ல உன் ஆளு. நாளைக்கு ரேஷன் கார்டுலயும் சந்துன்னு வந்துட்டா அவியளுக்கு என்ன பதில் சொல்லுறது? நீ இருக்கும்போதே இப்படியா?"

"பாத்துக்கிடுதேன் அண்ணே" என்றேன்.

மறுநாள் உதவியாளர் எழுதியதை அடித்துவிட்டு, சந்தையும் பெரிய தெருவோடு சேர்த்து அதே மதிப்பை வைத்தேன். அடுத்த முறை ஊருக்குப் போனபோது சந்தே கூடி எனக்கு மிக்சரும் டீயும் கொடுத்தது. ஒரு வீட்டுக்காரர், "சார் இருக்கப் போய் நம்ம மானம் தப்பிச்சுது" என்றார். நானும் டீயைக் குடித்தேன்.

அண்ணன் கேட்டது விலாசம் மாறக் கூடாது என்பதை மட்டும். மதிப்பைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. எனக்குத் தெரியும். இந்த மதிப்பில் இந்தச் சந்தில் ஒரு வீட்டையும் விற்க முடியாது என்பது பேனாவை எடுக்கும்போதே தெரியும். விலாசத்தை விட்டுவிட்டு மதிப்பை மட்டும் தனியாகக் காட்டவும் வழி இருந்தது. அதுவும் தெரியும். ஆனால் ஊரிலேயே அதிக மதிப்புள்ள தெருவில் நான் பிறந்த வீடும் இருப்பதைப் பட்டியலில் பார்க்க எனக்குப் பிடித்திருந்தது. கூட்டிய மதிப்பைக் காட்டினால் மேலே நல்ல பெயர் கிடைக்கும். விற்கிறவர் யார், யாரும் விற்கப் போவதில்லை என்று சொல்லிக்கொண்டேன். இவ்வளவுதான் காரணம். பெரிதாக ஒன்றும் இல்லை என்பதுதான் இப்போது உறுத்துகிறது.

தளவாய்புரத்துக்காரர்கள் கடைசிவரை சந்துக்கு வரவே இல்லை. பெண் பார்த்தது கோயிலில், கல்யாணம் மண்டபத்தில்.

பிறகு அண்ணனுக்கு வயதாயிற்று. கடையை மூடினார். பாகம் பிரித்தபோது வீடு அவர் பங்குக்கு வந்திருந்தது. கோயம்புத்தூரில் இருக்கும் மகன், வீட்டை விற்றுவிட்டு இங்கே வந்துவிடுங்கள், அந்தப் பணத்தையும் போட்டுக் கீழ்த்தளத்தில் பெரிய வீடாக வாங்கலாம் என்றான். வாங்க ஆள் வந்தது. சந்தைப் பார்த்தார், விலை பேசினார், கைடுலைனைக் கேட்டார், போய்விட்டார். அவர் கொடுக்கப்போகிற விலையைப் போல இரண்டு மடங்குக்குத் தீர்வை கட்ட வேண்டியிருந்தது. அடுத்து வந்தவரும் அப்படியே.

அண்ணன் பஸ் ஏறி என்னைப் பார்க்க வந்தார். அப்போது என் மனைவி இருந்தாள். காபி கொடுத்து உட்கார வைத்து, வகுப்பு எடுப்பதுபோல விளக்கினேன். "கைடுலைன் எல்லாருக்கும் ஒண்ணுதான் அண்ணே. அரசாங்கம் ஆளைப் பாத்துப் போடாது."

"நீ சொன்னாச் சரியாத்தான் இருக்கும்" என்று எழுந்து போனார்.

அப்போது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஒரு கல்யாணப் பந்தியில் என் பழைய உதவியாளர் அண்ணனுக்குப் பக்கத்து இலையில் உட்கார்ந்து, சந்தைத் தனியாக எழுதியதையும் நான் அடித்ததையும் பேச்சோடு பேச்சாகச் சொல்லிவிட்டார். அன்று மாலை போன் வந்தது.

"ஏலே, நீயா அடிச்சே?"

"ஆமா."

அதோடு வைத்துவிட்டார். என் மனைவி இறந்தபோது வந்தார். நெருப்பு வைக்கும்வரை நின்றார். என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

சென்ற ஆண்டு மறுபடி மதிப்பு திருத்தம் வந்தது. வரைவு மதிப்பை எழுதி ஒட்டியிருந்தார்கள்; குறை இருந்தால் கெடுவுக்குள் ஆட்சேபம் சொல்லலாம் என்று பேப்பரிலும் வந்தது. அந்த வியாழக்கிழமை மதினியும் சொன்னார்.

"ஒரு மனு எழுதிப் போடுங்கன்னு உங்க அண்ணன்கிட்ட சொன்னேன். போட்டவன் எடுக்கட்டும்கிறாக."

"நான் போடுதேன் மதினி."

போடவில்லை. அடுத்த வியாழனும் வந்தது. "போனீங்களா தம்பி?" என்றார். வெயில் என்றேன். அவர் வாளியைக் கழுவப் போய்விட்டார்.

வெயில் காரணமில்லை. மதிப்பு குறைந்தால் வீடு விற்கும். விற்றால் அவர்கள் கோயம்புத்தூர் போய்விடுவார்கள். வியாழக்கிழமைக்கும் மற்ற நாளுக்கும் எனக்கு வித்தியாசம் இல்லாமல் போகும். இந்தக் கணக்கைப் போட்டுக்கொண்டு ஒரு வாரம் உட்கார்ந்திருந்தேன். முதல் தடவையாவது கையெழுத்துப் போட்டுத் தவறு செய்தேன். இந்தத் தடவை சும்மா இருந்தே செய்யப் பார்த்தேன்.

கழுவிய வாளியைத் துடைத்தபடி மதினி வந்தார். குரலை உயர்த்தவில்லை.

"உங்ககிட்ட சொல்ல வேண்டாம்னுதான் இருந்தேன். போன மாசம் ரெண்டு வியாழன் நான் வரலைல்லா, அப்ப உங்க அண்ணன் பாத்ரூம்ல விழுந்துட்டாக. இடுப்பு. ஆம்புலன்ஸு பெரிய தெருவுலேயே நின்னுக்கிடுச்சு. ஸ்ட்ரெச்சர் திரும்பலை. பிளாஸ்டிக் சேர்ல உக்கார வச்சு நாலு பேர் தூக்குனாக. சந்து வளையுற எடத்துல சேரும் திரும்பலை. செத்த நேரம் அப்படியே பிடிச்சுக்கிட்டு நின்னாக. அவிய சத்தமே போடலை தம்பி. கண்ணை மூடிக்கிட்டாக."

"எனக்கு ஏன் சொல்லலை?"

"சொன்னா என்ன செய்வீக?"

மறுநாள் முதல் பஸ்ஸில் ஸ்ரீவில்லிபுத்தூர் போனேன். பதிவு அலுவலகத்தில் ஆட்சேபம் வாங்க ஓர் அதிகாரி வந்திருந்தார். முப்பது வயதுக்குள் இருக்கும் பெண். நான் வரிசையில் நின்றேன். இத்தனை வருடம் மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்ததில், நிற்கிறவர்களுக்கு அங்கே மின்விசிறி எட்டாது என்பது தெரிந்திருக்கவில்லை.

எனக்குப் பின்னால் மகாராஜபுரத்து விவசாயி ஒருவர். துண்டால் விசிறிக்கொண்டு என் மனுவை எட்டிப் பார்த்தார்.

"கொறைக்கச் சொல்லியா?"

"ஆமா."

"நான் கூட்டச் சொல்லி வந்திருக்கேன். எங்க காட்டை ரோட்டுக்கு எடுக்கப் போறாகன்னு பேச்சு. கைடுலைன வச்சுத்தான துட்டு குடுப்பாக."

"எடுக்கலைன்னா?"

"எடுக்கலைன்னா பொறவு கொறைக்கச் சொல்லி வர வேண்டியதுதான். அம்புட்டுதான."

என் முறை வந்தது. அதிகாரி மனுவைப் படித்துவிட்டுப் பழைய ஃபைலைப் புரட்டினார். "சந்தை ஏன் மெயின் தெருவோட சேர்த்தாங்கன்னு காரணமே எழுதலையே. யார் செஞ்சாங்கன்னும் புரியலை."

"நான்தான்மா செஞ்சேன்."

நிமிர்ந்து பார்த்தார். "சார் டிபார்ட்மெண்டா? உக்காருங்க சார்."

"இல்ல, நிக்கேன்."

"அங்க உங்களுக்கு வீடு இருக்கா?"

"என் அண்ணன் வீடு இருக்கு."

அவருக்குக் குழப்பமாக இருந்தது. "சொந்தக்காரங்க வீடுன்னா கொறைச்சுத்தான் போடுவாங்க."

பின்னாலிருந்து மகாராஜபுரத்துக்காரர், "கூட்டிப் போட்ட தம்பியை இன்னைக்குத்தான் பாக்கேன்" என்றார். வரிசை சிரித்தது. அதிகாரி சிரிக்கவில்லை. "இதை எழுத்துல தருவீங்களா சார்?" என்று மட்டும் கேட்டார். அங்கேயே நின்றபடி எழுதிக் கொடுத்தேன். நான் செய்தது, தெரிந்தே செய்தது, இரண்டையும் எழுதினேன்.

அந்த வாரமே சந்தைப் பார்க்க வந்தார்கள். அதிகாரி முன்னால் போக நான் பின்னால் போனேன். டேப்பைப் பிடித்ததும் வீடுகளிலிருந்து ஆட்கள் வெளியே வந்தார்கள். அன்று எனக்கு டீ கொடுத்த வீட்டுக்காரர் இப்போது காது மந்தமாகி, சத்தமாகப் பேசினார்.

"பெரிய தெருங்கிற பேரை எடுக்கப்படாது. பேரனுக்குப் பொண்ணு பாத்துக்கிட்டு இருக்கோம்."

"பேரை யாரும் எடுக்கலை ஐயா. விலாசம் அப்படியே இருக்கும். மதிப்பை மட்டும் எங்க பட்டியல்ல தனியாக் காட்டுவோம்" என்றார் அதிகாரி.

"அம்புட்டுதானா? அப்ப இதை முன்னாலயே செஞ்சிருக்கலாம்ல."

யாரும் என்னைப் பார்க்கவில்லை. அண்ணன் வீட்டு வாசலுக்குள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் பிடித்து நடக்கும் ஸ்டாண்டு. என்னைப் பார்த்தார். பிறகு டேப்பைப் பார்த்தார். மதினி அதிகாரிக்குக் காபி கொண்டு வந்தார். அதே தட்டிலிருந்து எனக்கும் ஒரு டம்ளரை எடுத்து, "இந்தாங்க தம்பி" என்று எல்லாரும் பார்க்க நீட்டினார். அண்ணன் தடுக்கவில்லை. நான் வாசலிலேயே நின்று குடித்தேன். உள்ளே வா என்றும் அவர் சொல்லவில்லை.

புதிய பட்டியலில் சந்துக்குத் தனி மதிப்பு வந்தது. பெரிய தெருவில் பாத்திரக்கடை வைத்திருப்பவர், பின்பக்கம் தன் சுவரை ஒட்டிய வீடு என்பதால் குடோனுக்குக் கேட்டார். சீக்கிரமே விலை முடிந்தது. மதினியின் வருகை நின்றது. சாமான் கட்டுகிற வேலை. நான் வியாழக்கிழமை சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டு மத்தியானம் கழற்றி வைத்தேன்.

பதிவு நாளன்று அண்ணன் மகன் போன் செய்தான். "சித்தப்பா, விக்கிறவங்க பக்கம் ஒரு சாட்சி வேணுமாம். அப்பா உங்களைக் கூப்பிடச் சொன்னாக."

"அப்பாவா சொன்னார்?"

"அவன் சும்மாத்தான இருப்பான்னு சொன்னாக."

அலுவலகப் பெஞ்சில் அண்ணன் பக்கத்தில் இடம் இருந்தது. உட்கார்ந்தேன். டோக்கன் நம்பரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் உடம்பு மெலிந்து, கைக்கடிகாரம் முழங்கை வரை ஏறுகிற மாதிரி தளர்ந்து கிடந்தது. எதிர்ச் சுவரைப் பார்த்தபடியே கேட்டார்.

"கையெழுத்துப் போடக் கண்ணு தெரியுதா உனக்கு?"

"தெரியுது அண்ணே."

"அன்னைக்கும் தெரிஞ்சுதுல்லா."

"தெரிஞ்சுது."

தலையை ஆட்டினார். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று பஸ்ஸில் யோசித்துக்கொண்டு வந்த வார்த்தைகள் இருந்தன. அவர் தலையை ஆட்டிய பிறகு அவற்றுக்கு இடம் இருக்கவில்லை. நம்பரைக் கூப்பிட்டார்கள். அவர் எழுந்திருக்கக் கை கொடுத்தேன். ஸ்டாண்டைப் பிடித்து அவரே எழுந்தார். உள்ளே, விற்கிறவருக்கு நீங்கள் என்ன வேண்டும் என்று கேட்டார்கள். தம்பி என்றேன். சரியா என்று அண்ணனைக் கேட்டார்கள்.

"ஆமா. கூடப் பிறந்தவன்" என்றார்.

கையெழுத்துப் போட்டேன். பாத்திரக்கடைக்காரர் அங்கேயே சாவியை வாங்கிக்கொண்டார். வெளியே கார் தயாராக நின்றது. பின்சீட்டில் தலையணையும் மருந்துப் பையும். வீட்டுக்குத் திரும்பாமல் நேராகக் கோயம்புத்தூர் போகிறார்கள் என்பது அப்போதுதான் தெரிந்தது. அண்ணனை முன்சீட்டில் ஏற்றிப் பெல்ட்டைப் போட்டார்கள். நான் கதவுக்குப் பக்கத்தில் நின்றேன்.

"நீ போட்டதை நீயே எடுத்துட்டே. அம்புட்டுதான்" என்றார் அண்ணன். கோபமாகச் சொல்லவில்லை. வேறு எப்படியும் சொல்லவில்லை.

மதினி காரைச் சுற்றி என்னிடம் வந்தார். "கொழம்பு வைக்கக் கத்துக்கிடுங்க தம்பி. புளியைக் கொறைச்சு ஊத்துங்க" என்றார். போன் செய்கிறேன், வாருங்கள் என்று நாங்கள் இருவருமே சொல்லவில்லை. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஏறினார். கார் கிருஷ்ணன்கோயில் ரோட்டில் திரும்பிப் போயிற்று.

மத்தியானம் ஆகியிருந்தது. பசித்தது. கால் வழக்கப்படி கடைவீதிப் பக்கம் நடந்து, பெரிய தெரு முனைக்கு வந்ததும் நின்றது. அங்கே போய் என்ன செய்ய. பிறந்ததிலிருந்து இந்த ஊரில் மத்தியானப் பொழுதில் எனக்குச் சாப்பாடு எங்கே என்று நான் யோசித்ததே இல்லை. அப்பா இருந்தபோதும், அண்ணன் பேசாமல் இருந்த வருடங்களிலும்கூட, போனால் ஒரு வீடு இருக்கிறது, போகாமல் இருப்பது என் இஷ்டம் என்றுதான் இருந்தேன்.

பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு ஹோட்டலில் ஏறினேன். சாப்பாடு என்றேன். இலை போட்டவர் தண்ணீர் தெளித்தபடி, "சாருக்கு வெளியூரா?" என்றார்.

"ஆமா" என்றேன். "ராஜபாளையம்."

கூட்டம் அதிகமில்லை. அவர் சோறு நிறைய வைத்தார். வேண்டாம் என்று சொல்லாமல், மோர் வரைக்கும் மெதுவாகச் சாப்பிட்டேன்.